எந்த ஜன்னலுக்கும் போகாத பேர்

பெயர்ப்பொருள் ஆய்வுக் கழகத்தைப் பற்றி முதலில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிப்போம் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கட்டடம் நன்றாக இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

என் அக்கா புருஷனுக்கு ஒரு பேர் இருக்கிறது. அதை நான் இங்கே எழுத மாட்டேன். அத்தானைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் பேர் எங்கே எழுத்தில் வந்தாலும் கழகத்துக்காரர்கள் கத்தரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், எழுதியவன் வீட்டுக்கு ஆள் வரும். தேடுகிற பேர் இல்லாத எதையும் அவர்கள் படிப்பதில்லை. அதனால் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் நான் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். சொல்லத்தான் போகிறேன்.

அத்தான் டவுன் பஸ் டிரைவர். நான் அதே பஸ்ஸில் கண்டக்டர். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஆளோடு ஒரே வண்டியில் வேலையும் பார்ப்பது சிலருக்குச் சிக்கல். எங்களுக்கு இல்லை. நான் விசில் கொடுத்தால் அவர் எடுப்பார், விசில் கொடுத்தால் நிறுத்துவார். நான் நாள் முழுக்க 'உள்ளே போ, உள்ளே போ' என்று கத்துகிற ஆள். அவர் ஹாரன் அடிப்பதற்கே கூச்சப்படுகிறவர்.

அவர் பேரை உலகத்தில் வேறு ஒருத்தரும் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அதை வைத்தது அவர் அப்பா. ரோடு போடுகிற இடத்தில் ரோலர் வண்டி ஓட்டியவர். பேர் வைத்தவர் அதற்கு என்ன காரணம் என்று யாரிடமும் சொல்லாமலே, அத்தான் நடக்கப் பழகுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவைக் கேட்டால் "உங்கப்பா வச்சாரு" என்பதோடு சரி. சிக்னலில் வண்டி நிற்கும்போது சில நாள் அத்தான் தானாகவே சொல்வார்: "சும்மா வச்சிருக்க மாட்டாருடா. ரோலர் ஓட்டும்போது யோசிக்க நிறைய நேரம் இருக்கும். எதையோ நினைச்சுத்தான் வச்சிருக்கணும்."

அவருக்குச் சொத்து என்று ஒன்றும் கிடையாது. வாடகை வீடு, ஒரே மகள். அந்த மகள் கல்யாணமாகி உண்டானபோது, பையன் பிறந்தால் அப்பா பேர்தான் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அத்தான் மூன்று ஸ்டாப்பிங் நிறுத்தாமலே ஓட்டினார். நான் விசில் கொடுத்து விசில் கொடுத்து வாய் வலித்துப்போனேன். கடைசி ஸ்டாப்பில் டீ குடிக்கும்போது சொன்னார்: "நான் போனா பேரும் போயிடும்னு நினைச்சிட்டிருந்தேன். போகாது போலிருக்கே."

அதோடு விட்டிருக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா விடவில்லை.

அந்தம்மா மருந்துக் கடை நடத்துகிறவர். டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் ஒரு பிஸ்கட்டைக்கூட வாயில் போட மாட்டார். கெட்டவர் இல்லை. வீட்டுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்க பேரை வைக்கிறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை சம்பந்தி. ஆனா உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம பிள்ளைக்குக் கொடுக்கலாமா? அர்த்தம் என்னன்னு மட்டும் சொல்லிடுங்க."

அத்தான் திருதிருவென்று விழித்தார். "நல்ல பேருதாம்மா."

"நல்லதுன்னு எப்படித் தெரியும்?"

"நான் இத்தனை வருஷமா வச்சிருக்கேன். ஒண்ணும் ஆகலையே."

"சில மருந்து அப்படித்தான். உடனே தெரியாது." அந்தம்மா எழுந்துகொண்டார். "கழகத்துல கேளுங்க. அவங்க முத்திரை போட்டுக் கொடுத்துட்டா நான் வாயே திறக்க மாட்டேன்."

இப்படித்தான் நாங்களாகவே போய் மாட்டிக்கொண்டோம்.

கழகத்தின் கீழ்த்தளத்தில் நாலு ஜன்னல். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகை: வெற்றி, வீரம், ஒளி, அறிவு. ஆம்பளைப் பேர் என்றால் இந்த நாலில் ஒன்றுதான் அர்த்தம். பேரைச் சொன்னால் ஜன்னலுக்குள் இருக்கிறவர் ஒரு தரம் முகத்தைப் பார்ப்பார், முத்திரை குத்துவார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். பெண்கள் பேருக்குப் பக்கத்துக் கட்டடம். அங்கே இரண்டே ஜன்னல், அழகு, பூ. அதனால் அங்கே வரிசை நீளமாக இருக்கும் என்று காவலாளி சொன்னார்.

எங்களுக்கு முன்னால் நின்ற ஒருத்தர் ஒளி ஜன்னலில் கெஞ்சிக்கொண்டிருந்தார். "பையன் கராத்தே கத்துக்கிறான் சார். வீரம்னு போட்டுக் குடுங்க சார்."

"வீரம் இன்னிக்கு முடிஞ்சுபோச்சு. நாளைக்குக் காலையில வாங்க."

அத்தான் தன் பேரைச் சொன்னார். ஜன்னலில் இருந்தவர் முத்திரையைத் தூக்கிய கையைக் கீழே இறக்கவில்லை. பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். நாலு ஜன்னலும் ஒரு சுற்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டபிறகு, "இது எந்த ஜன்னலுக்கும் போகாது. மாடிக்குப் போங்க" என்றார்கள்.

மாடியில் வேர்ச்சொல் அறிஞர் இருந்தார். அத்தானை நாற்காலியில் உட்காரவைத்து, பேரை ஒரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார், ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை மூச்சை வெளியே விட்டபடி. பிறகு தடிதடியாக இருந்த புத்தகங்களைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னார்.

"வேர் இல்லை."

"அப்படின்னா சார்?" என்றார் அத்தான்.

"எந்த மொழியிலும் இல்லை. வாழும் மொழியிலும் இல்லை, செத்த மொழியிலும் இல்லை. கூட யாராவது வந்திருக்கிறார்களா?"

நான்தான் வந்திருந்தேன். எங்கள் இரண்டு பேரையும் தலைவர் அறைக்கு அனுப்பினார்கள்.

தலைவர் அன்பானவர். எங்களை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு எழுந்து நின்று, எதிரில் நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம் என்பதை மறந்து, கூட்டத்தில் பேசுகிற மாதிரி பேசினார்.

"பொருளில்லாத ஒரு பெயரோடு தாங்கள் இத்தனை காலம் வெளியில் நடமாடியிருக்கிறீர்கள். அது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் அதிகாரம் கழகத்துக்கு இன்னும் வழங்கப்படவில்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவங்க அப்பா வச்ச பேர் சார். அவரு மனசுல ஏதோ நினைச்சு வச்சிருப்பாரு. அதுதானே அர்த்தம்?"

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, பெயர் வைப்பவர் நினைப்பதற்கும் பெயரின் பொருளுக்கும் சம்பந்தம் இருந்தால், பிறகு கழகம் எதற்கு?"

கொடுத்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன்.

"கவலைப்படாதீர்கள்," என்று அத்தானிடம் திரும்பினார். "வேர் இல்லாத சொல்லுக்கும் ஒரு வழி உண்டு. ஒரு சொல்லை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்களோ அதுவே அதன் பொருள். பத்து வாக்கியங்களில் அந்தச் சொல் எப்படி வருகிறது என்று பார்ப்போம், பொருள் கிடைத்துவிடும். உங்கள் பெயரைப் பயன்படுத்துகிறவர் யார்? நீங்கள் ஒருவர்தான். ஆகவே அந்தச் சொல்லுக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே வாக்கியம் நீங்கள். உங்களைக் கவனித்தால் போதும். நீங்கள் என்ன செய்கிறீர்களோ, அதுதான் உங்கள் பெயருக்கு அர்த்தம்."

அத்தான் தலையாட்டினார். அவருக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் மறுநாள் காலை டிப்போவில் வந்து நின்ற ஆளைப் பார்த்தபிறகுதான் புரிந்தது.

ஒல்லியான மனிதர். காதில் ஒரு பென்சில், சட்டைப்பையில் ஒரு பென்சில், கையில் பரீட்சை எழுதுகிற அட்டை. கழகத்தின் கவனிப்பாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். நான் அவருக்குப் பென்சில் என்று பேர் வைத்தேன். அதன் வேரைக் கழகமே கண்டுபிடித்துக்கொள்ளட்டும். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால், கண்ணாடியில் முகம் தெரிகிற மாதிரி போய் உட்கார்ந்தார்.

"டிக்கெட்," என்றேன்.

"நான் பயணி இல்லை."

"பஸ்ஸுல உக்காந்துட்டு?"

"நான் எங்கேயும் போகவில்லை. பஸ் போகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

அவர் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். எங்கள் டிப்போ மேனேஜரே கையெழுத்துப் போட்டிருந்தார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

அன்றைக்கு ஒரு நாய் குறுக்கே வந்தது. அத்தான் பிரேக் போட்டார். பென்சில் எழுதிக்கொண்டார்: 'திடீரென்று நிறுத்துபவன்.' மார்க்கெட் ஸ்டாப்பில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த ஒரு பெரியவருக்காக அத்தான் காத்திருந்தார். அவர் எப்போதும் காத்திருப்பார், அதற்காகவே எங்கள் பஸ்ஸில் ஏறுகிற ஆட்கள் உண்டு. 'காலம் தாழ்த்துபவன்.' மறுநாள் அதே பெரியவர் ஓடி வரும்போது அத்தான் கண்ணாடியில் பென்சிலைப் பார்த்தார், வண்டியை எடுத்துவிட்டார். 'கைவிட்டுப் போகிறவன்.' பெரியவர் கையை ஆட்டிக்கொண்டே ரோட்டில் நின்றதை நான் பின் வாசலிலிருந்து பார்த்தேன். அத்தானும் பார்த்திருப்பார். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

பென்சில் வீட்டுக்கும் வந்தார். கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அத்தான் சாப்பிடுவதை, பல் தேய்ப்பதை, செருப்பைத் தேடுவதை எழுதினார். என் அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். டீ குடித்தால் பொருள் சாய்ந்துவிடும் என்று மறுத்தார். அப்புறம் ஆறிப்போனதும் குடித்துவிட்டார்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, கல்யாணம் பண்ணின நாளிலேருந்து நான் இவரைப் பாத்துட்டிருக்கேன். என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா, எப்படிப்பட்ட ஆளுன்னு?"

"மனைவி சொல்வது சார்புடைய சான்று. ஏற்றுக்கொள்ள மாட்டோம்."

"அப்ப மச்சினன்?"

பென்சில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மாதங்கள் போகப் போக அத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டார். கோபப்பட்டால் எழுதிவிடுவார்கள் என்று கோபப்படுவதில்லை. சிரித்தால் எழுதிவிடுவார்கள் என்று சிரிப்பதில்லை. தும்மல் வந்தால் அடக்கிக்கொள்வார். ஆளைப் பார்த்தால் பரீட்சை ஹாலில் பிட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையன் மாதிரி இருந்தார். ரோட்டைப் பார்க்கிறாரோ இல்லையோ, கண்ணாடியை நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பார். எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. என்ன மனுஷன், என்ன ஆக்கிவிட்டார்கள் பாருங்கள்.

இடைக்கால அறிக்கைக்காக எங்களைக் கூப்பிட்டார்கள். தலைவர் படித்தார்: "திரட்டிய சான்றுகளின்படி, இந்தப் பெயர் அச்சத்தைக் குறிக்கிறது. இதைத் தாங்கியவர் அடிக்கடி பின்னால் பார்க்கிறார், திடுக்கிடுகிறார், நாற்காலி நகர்ந்தால் எழுந்து நிற்கிறார். ஆகவே தற்காலிகப் பொருள்: அஞ்சுபவன்."

"சார், உங்க ஆளு பின்னால உக்காந்திருக்கிறதாலதான் பின்னால பாக்குறாரு," என்றேன்.

"எங்கள் அலுவலர் அங்கே இருப்பது உண்மை. ஆனால் அவர் பென்சில்தான் வைத்திருக்கிறார். பென்சிலுக்குப் பயப்படுகிறவரை நாங்கள் வேறு எப்படி அழைப்பது?"

வேர்ச்சொல் அறிஞர் ஒரு காகிதத்தோடு எழுந்தார். முகத்தில் ஒரே பூரிப்பு. "மகிழ்ச்சியான செய்தி. வேர் கிடைத்துவிட்டது. வடக்கே அழிந்துபோன ஒரு மொழியில், புதருக்குள் பதுங்குவதைக் குறிக்கும் ஓர் ஒலி இருந்திருக்கிறது. முதல் எழுத்து பொருந்துகிறது. மற்ற எழுத்துகள் காலப்போக்கில் மாறியிருக்கும்."

முதல் நாள் எந்த மொழியிலும் இல்லை என்று இதே வாயால் சொன்னவர்தான். பொருள் கிடைத்ததும் வேர் முளைத்துவிட்டது.

தற்காலிகப் பொருள் சம்பந்தி வீட்டுக்கு எப்படித்தான் போனதோ, போய்விட்டது. மருந்துக் கடையம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் அக்கா மகள், நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு, டிப்போவுக்கே வந்துவிட்டாள். அத்தான் வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தார். பென்சில் பக்கத்தில் நின்றார்.

"அப்பா, என் மாமியார்கிட்ட சொல்லிட்டேன். அர்த்தம் என்ன கண்றாவியா இருந்தாலும் சரி, பையன் பொறந்தா உங்க பேருதான். பிடிக்கலைன்னா நான் பிள்ளையைத் தூக்கிட்டு இங்க வந்துடுவேன்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா இந்த நேரத்துல சண்டையெல்லாம்…"

"சண்டை போட்டாச்சு. ஜெயிச்சாச்சு. நீங்க பேசாம இருங்க."

அத்தான் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, பல் தெரிய, பென்சில் பக்கத்தில் நிற்பதையும் மறந்து. பென்சில் மும்முரமாக எழுதினார். என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள் போ என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர் எழுதியது சிரிப்பை அல்ல. மறுநாளே தலைவர் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை இனிப்புக்கூட வைத்திருந்தார்.

"பேரனுக்கு உங்கள் பெயராம். அலுவலர் சொன்னார். கழகத்துக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. ஒரே வாக்கியத்தை வைத்துப் பொருள் சொல்வது எப்போதுமே பலவீனம், ஐயா. இப்போது இரண்டாவது வாக்கியம் கிடைக்கப்போகிறது. அதுவும் முதல் எழுத்திலிருந்து. உங்களை நாங்கள் பாதியில்தான் பார்க்க ஆரம்பித்தோம். இந்தக் குழந்தையைத் தொட்டிலிலிருந்தே பார்ப்போம். ஆள் நியமித்தாகிவிட்டது. ஆயுள் முழுக்க."

"ஆயுள் முழுக்கன்னா சார்?" என்றார் அத்தான்.

"அதன் ஆயுள் முழுக்க. கவனிப்பாளர்கள் மாறுவார்கள், கவனிப்பு மாறாது."

"பிள்ளை அழுதா?"

"எழுதுவோம்."

"பள்ளிக்கூடத்துல விழுந்து கிழுந்து வச்சா?"

"பள்ளிக்கூடத்தில் ஒரு நாற்காலிக்கு ஏற்பாடு செய்துவிடுவோம். எழுதுவோம்."

அத்தான், பஸ்ஸில் சில்லறை கேட்கிறவர் மாதிரி தயங்கிக் கேட்டார். "ஒருவேளை வேற பேர் வச்சாங்கன்னா?"

"வேறு பெயர் என்றால் எங்களுக்கு அங்கே என்ன வேலை? கீழே நாலு ஜன்னல் இருக்கிறது. ஒரு முத்திரை, ஒரு நிமிஷம், போய்விடலாம்." தலைவர் விரலை உயர்த்தினார். "ஆனால் ஒன்று. சிலர் எங்களுக்குப் பயந்து வெளியே ஒரு பெயரை வைத்துவிட்டு, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உண்மையான பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அது ஆராய்ச்சிக்குச் செய்கிற துரோகம். அதனால், பெயரைக் கைவிட்டது எங்களால்தான் என்று அந்த வீட்டில் ஒருவர் வாயிலிருந்து வந்தால்கூடப் போதும், பெயர் வைத்ததாகவே கணக்கு. ஆள் வந்துவிடுவார். உங்கள் குடும்பம் அப்படிப்பட்டது இல்லை என்று எனக்குத் தெரியும். இனிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்."

படி இறங்கும்போது அத்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். பாதியில் நின்றார்.

"என்னைக் கொஞ்ச நாள் பாத்ததுக்கே நான் இப்படி ஆயிட்டேன்டா. ஓடி வர்ற மனுஷனை விட்டுட்டு வண்டியை எடுத்தேன். அவன் பச்சப் பிள்ளை. குப்புற விழுறதுக்கே எத்தனை தடவை முயற்சி பண்ணும். ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தன் உக்காந்து எழுதுவானா?"

"எழுதட்டும் அத்தான். நாம பாத்துக்கலாம்," என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியாது.

"நீ வாயைத் திறக்கக் கூடாது. யாருகிட்டயும். உங்கக்காகிட்டகூட." அவர் என்னிடம் இந்த மாதிரிக் கடுமையாகப் பேசியதே இல்லை.

பையன்தான் பிறந்தான். ஆஸ்பத்திரி வார்டில் ஜன்னலோரக் கட்டில். அக்கா, மாப்பிள்ளை, மருந்துக் கடையம்மா, நான், எல்லோரும் சுற்றி நின்றோம். கட்டிலின் கால்மாட்டில் பென்சிலும், அவருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வாலிபனும் நின்றார்கள். வாலிபன் கையில் புது அட்டை. இவன்தான் பேரனுக்கு. குழந்தை கொட்டாவி விட்டதும் எழுதப்போனான். பென்சில் அவன் கையைப் பிடித்து, இன்னும் பேர் வைக்கவில்லை என்று சைகை காட்டினார்.

நர்ஸ் குழந்தையின் மணிக்கட்டில் கட்டுகிற பட்டையோடு வந்தார். "பேர் முடிவு பண்ணிட்டீங்களா?"

"எப்பவோ பண்ணியாச்சு." அக்கா மகள் களைப்போடு சிரித்தாள். "அப்பா, நீங்களே சொல்லுங்க. உங்க வாயால சொன்னாத்தான் நல்லா இருக்கும்."

அத்தான் குழந்தையைத்தான் பார்த்தார். "அந்தப் பேர் வேண்டாம்மா," என்றார்.

"என்னது?"

"வேற ஏதாவது நல்ல பேரா வைங்க. அத்தை சொல்றதை வைங்க."

"விளையாடாதீங்கப்பா."

"விளையாடலை. எனக்கு அந்தப் பேர் எப்பவுமே பிடிச்சதில்லை."

பென்சில் ஒரு அடி முன்னால் வந்தார். "கழகத்தின் காரணமாகவா?"

"உங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? என் பேரை என் பேரனுக்குக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான்."

அக்கா மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "என் மாமியார்கிட்ட, இவங்க முகத்துக்கு நேரா, உங்களுக்காகச் சண்டை போட்டேன்பா. வீட்டை விட்டே வர்றேன்னு சொன்னேன். உங்களுக்கு என் பிள்ளை வேண்டாமா? உங்க பேருக்குக்கூட அவன் லாயக்கில்லையா?"

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பென்சில் பக்கம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். மருந்துக் கடையம்மாவுக்கே தாங்கவில்லை. "பரவாயில்லை சம்பந்தி, நானே சொல்றேன், உங்க பேரையே…" என்று ஆரம்பித்தார். அத்தான் அதைக் கேட்காத மாதிரி வெளியே போய்விட்டார். நான் பேசியிருந்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் சரியாகியிருக்கும், ஆனால் அந்த வாலிபன் நிரந்தரமாக அந்தத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாலிபன் ஏமாற்றத்தோடு அட்டையை மூடினான். பென்சில் மட்டும் நின்று நிதானமாக எழுதினார்.

பொருள் வழங்கும் விழாவைக் கழகத்தின் பெரிய அரங்கில் வைத்தார்கள். நாற்காலிகள் நிறைய இருந்தன. உட்காரக் கழகத்து ஊழியர்களையே கூட்டிக்கொண்டு வந்தார்கள். தலைவர் பேசினார்.

"இன்று ஒரு பெயர் பொருளற்ற நிலையிலிருந்து மீட்கப்பட்டிருக்கிறது. இந்தப் பெயரை இனி யாரும் வைத்துக்கொள்ளப்போவதில்லை என்பதில் சிலருக்கு வருத்தம் இருக்கலாம். எனக்கு இல்லை. முப்பது ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன், பெயர்களால் நமக்குத் தொல்லை வந்ததே இல்லை. அவற்றை வைத்திருக்கிற மனிதர்களால்தான் எல்லாத் தொல்லையும். இன்றைக்கு ஒன்று செய்கிறார்கள், நாளைக்கு வேறொன்று செய்கிறார்கள். யாரும் வைத்துக்கொள்ளாத பெயர்தான் அப்பழுக்கில்லாத பெயர். அதன் பொருள் மாறவே மாறாது."

ஊழியர்கள் கைதட்டினார்கள். வேர்ச்சொல் அறிஞர் வேரை மாற்றிவிட்டதாகத் தெரிவித்தார். இந்தத் தடவை தெற்கே ஒரு தீவில் கிடைத்ததாம். அத்தானை மேடைக்குக் கூப்பிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

'பால்: ஆண். வழக்கு: முடிந்தது. பொருள்: பெற்ற மகளை அழவைத்தவன்.'

எனக்குச் சட்டத்தைப் பிடுங்கித் தரையில் அடிக்கலாமா என்று இருந்தது. "என்ன அக்கிரமம் அத்தான் இது? வாங்க, போய்க் கேப்போம்."

"எதைக் கேக்கிறது? அழவச்சது வாஸ்தவம்தானே," என்றார். சட்டத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

சாயங்கால ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. டிப்போவுக்கு வந்து வண்டியை எடுத்தோம். டிரைவருக்குப் பின்னால் சீட் காலியாக இருந்தது. சான்றிதழை அத்தான் சீட்டுக்கு அடியில், பழைய துணியோடு சொருகிவிட்டார். கிளம்புகிற நேரத்தில், கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அங்கே போயிருந்தியா?"

"நேத்து போனேன் அத்தான். மருந்துக் கடையம்மாதான் பேர் வச்சாங்க. தெருவுல கூப்பிட்டா பத்துப் பேர் திரும்பிப் பாக்குற பேர். வீரம் ஜன்னல்ல முத்திரை வாங்கியாச்சு."

"அவ ஏதாவது கேட்டாளா?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். வரவில்லை. "உங்களைப் பத்திப் பேச்சே எடுக்கலை அத்தான். நான் எடுத்தப்பவும் உள்ளே போயிட்டா."

அத்தான் ஸ்டீயரிங்கைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"வாசல்ல யாராவது நின்னாங்களா? அட்டையோட?"

"இல்லை."

"எதிர் வீட்டுல, தெருமுனையில? நல்லாப் பாத்தியா?"

"சுத்திப் பாத்துட்டுத்தான் வந்தேன் அத்தான். ஒருத்தரும் இல்லை. பையன் கத்திக் கத்தி அழுதுட்டிருந்தான். யாரும் எழுதலை."

"அழுதானா?" என்றார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "அழட்டும், நல்லா அழட்டும். நீ விசில் குடு."

விசில் கொடுத்தேன். வண்டியை எடுத்தார்.